ஆதரவு அறிவிக்கும் முன் அவை வாக்கெடுப்பைக் கேளுங்கள்

நியூயார்க் மாநிலத் தேர்தல்களில் வேட்பாளர்களுக்கு ஆதரவு அறிவிக்கும் தன்பாலீர்ப்பாளர், திருநர் உரிமை அமைப்புகளின் தேர்வுக் குழுக்களுக்கு,

வணக்கம்.

2009 டிசம்பர் 2 அன்று தன்பாலினத் திருமண மசோதா நியூயார்க் மாநில மேலவையான செனட்டில் தோற்றது. ஆதரவு 24, எதிர்ப்பு 38. அன்று அவையில் ஜனநாயகக் கட்சிக்கு 32 பேர் இருந்தார்கள். அந்தப் பெரும்பான்மை கிடைக்க, முந்தைய ஆண்டுத் தேர்தலில் நம் சமூகத்தின் பணமும் உழைப்பும் சென்றிருந்தன. அந்த 32 பேரில் 8 பேர் எதிர்த்து வாக்களித்தார்கள். குடியரசுக் கட்சியின் 30 பேரும் எதிர்த்தார்கள். கட்சிக் கொடியைப் பார்த்துக் கொடுத்த ஆதரவுக்கு அவைக்குள் என்ன மதிப்பு என்பது அன்று தெரிந்தது. புதிய கேள்வித்தாளைத் தயாரிக்க உட்காரும்போது அந்த எண்ணிக்கையை முன்னால் வைத்துக்கொள்ளுங்கள்.

“சமவுரிமையை ஆதரிக்கிறீர்களா?” என்ற கேள்வியைத் தூக்கிவிடுங்கள். யாரைக் கேட்டாலும் ‘ஆம்’ என்றுதான் எழுதுவார்கள். அதை எழுத அவர்களுக்குச் செலவு ஒன்றுமில்லை. பாலின அடையாளத்தின் பேரில் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கும் மசோதாவை நினைத்துப் பாருங்கள். மாநிலக் கீழவையான பேரவை அதை 2008இல் முதன்முறை நிறைவேற்றியது, பிறகும் பலமுறை நிறைவேற்றியது. செனட்டிலோ குழு மட்டத்தில் முடங்கியது, இல்லையென்றால் பட்டியலுக்கே வரவில்லை. முழு அவை அதன்மேல் வாக்களித்தது 2019 ஜனவரியில்தான். இடைப்பட்ட ஆண்டுகளில் பெரும்பாலான செனட்டர்கள் அவையில் அதை எதிர்த்து ஒரு வாக்குக்கூடப் போட வேண்டியிருக்கவில்லை. ‘ஆதரிக்கிறேன்’ என்று தாளில் எழுதிவிட்டு நிம்மதியாக இருக்கலாம். ஆகவே மசோதா எங்கே நிற்கும் என்பதைத்தான் கேள்வி தொட வேண்டும். மசோதாவை எண் சொல்லிக் குறிப்பிடுங்கள். கூட்டத்தொடர் தொடங்கி எத்தனை நாளில் இணை முன்மொழிபவராகக் கையெழுத்திடுவீர்கள்? உங்கள் குழுவுக்கு வந்தால் அதை வெளியே அனுப்ப வாக்களிப்பீர்களா? கட்சி உறுப்பினர்களின் மூடிய கூட்டத்தில் அவைத்தலைவர் “இந்த ஆண்டு வேண்டாம்” என்றால் எழுந்து பேசுவீர்களா? மத விலக்குக்கான திருத்தத்தின் வாசகத்தை அப்படியே கொடுத்து, எந்த வரியை ஏற்பீர்கள், எதை எதிர்ப்பீர்கள் என்று கேளுங்கள். 2011இல் திருமண மசோதா மீதான பேச்சுவார்த்தையின் கடைசி நாட்கள் அந்த வாசகத்தில்தான் கழிந்தன.

பன்னிரண்டு கேள்வி போதும். நாற்பது கேள்வி அனுப்பினால் பிரச்சார ஆலோசகர்தான் பதில் எழுதுவார். மூன்று தொகுதிகளிலிருந்து ஒரே வாக்கியம் எழுத்து மாறாமல் வந்து நிற்கும். கையெழுத்து வேட்பாளருடையதாக இருக்க வேண்டும். எதிர்ப்பார் என்று தெரிந்தவர் உட்பட எல்லா வேட்பாளருக்கும் ஒரே தாளை அனுப்புங்கள். பதில் வராததையும் பதிவு செய்யுங்கள். பதவியில் இருப்பவரைப் பொறுத்தவரை அவர் எழுதியதைவிட அவர் போட்ட வாக்குகள், குழுவில் நடந்துகொண்ட விதம், இணை முன்மொழிந்த தேதி ஆகியவற்றுக்குக் கூடுதல் எடை கொடுங்கள். கூட்டத்தொடரின் இறுதி வாரத்தில் போட்ட கையெழுத்தும் ஜனவரியில் போட்ட கையெழுத்தும் ஒன்றல்ல.

காலம் தவறுவதுதான் அடிக்கடி நடக்கும் பிழை. செனட்டின் 63 இடங்களும் பேரவையின் 150 இடங்களும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை தேர்தலுக்கு வருகின்றன. ஒவ்வொரு கட்சியும் தன் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் உட்கட்சித் தேர்தல் ஜூன் மாத நான்காவது செவ்வாய். பிப்ரவரி இறுதியிலேயே வேட்புமனுவுக்குக் கையெழுத்து திரட்டத் தொடங்குகிறார்கள். செனட்டுக்கு 1,000, பேரவைக்கு 500. அந்தக் கட்சியில் பதிவானவர்களில் 5 சதவீதம் இதைவிடக் குறைவு என்றால் அது போதும். ஆதரவு உண்மையில் உதவுவது அந்த வாரங்களில்தான்: கையெழுத்து வாங்க ஆள் வருவார்கள், நன்கொடையாளர்களிடம் பெயர் போகும். முன்கூட்டிய வாக்களிப்பு ஒன்பது நாள் நடப்பதால், ஜூன் நடுவில் வரும் அறிவிப்பு பலர் வாக்களித்த பிறகு வரும் வாழ்த்துச் செய்திதான்.

சட்டத்தின் சுவர்களைப் பற்றி. வரிவிலக்குப் பெற்ற அறக்கொடை அமைப்பு எந்த வேட்பாளருக்கும் ஆதரவோ எதிர்ப்போ தெரிவிக்கக் கூடாது என்பது 1954 முதல் கூட்டாட்சிச் சட்டம். ஆதரவு அறிவிக்க வேண்டியது 501(சி)(4) வகை அமைப்பு (அரசியலில் ஓரளவு ஈடுபட அனுமதியுள்ள சமூக நல அமைப்பு) அல்லது அரசியல் நிதிக் குழு. பல இடங்களில் இரண்டையும் அதே ஐந்து பேர்தான் நடத்துகிறார்கள். தவறு அங்கேதான் முளைக்கிறது: அறக்கொடை அமைப்பின் சமூக ஊடகக் கணக்கிலிருந்து இரவில் ஒருவர் ஆதரவுச் செய்தியைப் பகிர்ந்துவிடுவார், அதன் மின்னஞ்சல் பட்டியலைச் சந்தை விலை கொடுக்காமல் எடுத்துக்கொள்வார்கள், ஊழியரின் வேலைநேரக் குறிப்பில் இரண்டும் கலந்துவிடும். கணக்குகளின் கடவுச்சொற்களை இன்றே பிரித்துவையுங்கள். இன்னொன்று, வேட்பாளருடன் கலக்காமல் தனியாகச் செலவு செய்யும் திட்டம் இருந்தால், நேர்காணல் குழுவில் இருப்பவர் அந்தச் செலவுக் குழுவில் இருக்கவே கூடாது. நேர்காணலில் கேட்ட உள்கருத்துக்கணிப்பு மறுவாரம் உங்கள் துண்டறிக்கையில் தெரிந்தால், அது ஒருங்கிணைந்த செலவாகிவிடும்.

நேர்காணலுக்குக் குறைந்தது மூவர் அமருங்கள். வேட்பாளரிடம் சம்பளமோ ஒப்பந்தமோ பெறுகிறவர், அவருக்கு நன்கொடை கொடுத்தவர், எழுந்து வெளியே போகட்டும்.

இனி, மனத்தை அதிகம் உறுத்தும் விஷயம். 2010இல் ‘ஃபைட் பேக் நியூயார்க்’ என்ற நிதிக் குழு, 2009இல் திருமண மசோதாவை எதிர்த்து வாக்களித்த மூவரை வீழ்த்தும் முயற்சியில் இறங்கியது. செனட்டிலிருந்து நீக்கப்பட்டு இடைத்தேர்தலில் மீண்டும் நின்ற ஹைரம் மான்செராட்டே, உட்கட்சித் தேர்தலில் வில்லியம் ஸ்டகோவ்ஸ்கி, நவம்பரில் ஃபிராங்க் படவன் ஆகிய மூவரும் தோற்றார்கள். அந்த மூன்று இடங்களுக்கும் வந்தவர்கள் 2011 ஜூன் 24 அன்று ஆதரித்து வாக்களித்தார்கள். 2009இல் எதிர்த்திருந்த ஜனநாயகக் கட்சியின் அடாபோ, ஹன்ட்லி, க்ரூகர் ஆகியோரும் மாறினார்கள். மசோதா 33க்கு 29 என்று நிறைவேறியது. அந்த 33இல் நான்கு பேர் குடியரசுக் கட்சியினர்: அலெசி, கிரிசான்டி, மெக்டொனால்ட், சேலண்ட்.

அந்த நால்வருக்கும் பிறகு நேர்ந்ததைக் கவனியுங்கள். இந்த மாநிலத்தில் ஒரே வேட்பாளர் பல கட்சிகளின் வரிசையில் வாக்குச்சீட்டில் நிற்கலாம். குடியரசுக் கட்சியினர் பலருக்குக் கன்சர்வேடிவ் கட்சி வரிசையின் வாக்குகள் சேர்ந்தால்தான் வெற்றி. திருமண மசோதாவை ஆதரித்தவர்களுக்கு அந்த வரிசை கிடையாது என்று அக்கட்சி அறிவித்திருந்தது. 2012இல் அலெசி போட்டியிடவில்லை. மெக்டொனால்ட் உட்கட்சித் தேர்தலில் தோற்றார். சேலண்ட் அதில் மயிரிழையில் தப்பினார். ஆனால் அதே எதிராளி கன்சர்வேடிவ் வரிசையில் நவம்பரிலும் நின்று வாக்கைப் பிரிக்க, இடம் ஜனநாயகக் கட்சிக்குப் போயிற்று. கிரிசான்டி அந்த ஆண்டு வென்று, 2014 உட்கட்சித் தேர்தலில் வீழ்ந்தார். அவர்களைக் காக்க வேண்டிய இடம் உட்கட்சித் தேர்தல். அதில் வாக்களிப்பவர்கள் அந்தக் கட்சியில் பதிவானவர்கள் மட்டுமே. அங்கே உங்கள் பெயர் பொறித்த அட்டை எதிராளிக்கே துண்டறிக்கை ஆகலாம். ஆகவே எதிரணியிலிருந்து ஒருவரிடம் வாக்கு கேட்கும் முன், அவருடைய உட்கட்சித் தேர்தலில் உங்களால் என்ன செய்ய முடியும், என்ன முடியாது என்பதை நேராகச் சொல்லிவிடுங்கள். சட்டப்படி வெளியிட வேண்டிய செலவை மறைக்க முடியாது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

பேரம் பேசும்போது யார் வெளியே நிற்கிறார்கள் என்பதையும் பாருங்கள். 2002இல் ‘எம்பயர் ஸ்டேட் பிரைட் அஜெண்டா’ என்ற தன்பாலீர்ப்பாளர் உரிமை அமைப்பு ஆளுநர் பட்டாகிக்கு ஆதரவு அறிவித்தது. தேர்தல் முடிந்து டிசம்பர் 17 அன்று, பாலீர்ப்பின் பேரிலான பாகுபாட்டைத் தடுக்கும் சட்டம் செனட்டைக் கடந்து அன்றே கையெழுத்தானது. பாலின அடையாளம் அதில் இல்லை. அதைச் சேர்க்கச் செனட்டர் டாம் டுவேன் கொண்டுவந்த திருத்தம் தோற்றது. திருநர் அந்தப் பாதுகாப்பைச் சட்டமாகப் பெற 2019 ஜனவரி 25 வரை, பதினாறு ஆண்டுகள் காத்திருந்தார்கள். அன்றைய ஆதரவு ஒரு சட்டத்தைப் பெற்றுத் தந்தது உண்மை. ஆனால் ‘அடுத்தது இவர்களுக்கு, இந்தத் தேதிக்குள்’ என்ற எழுத்துப்பூர்வ நிபந்தனை இல்லாமல் ஆதரவை மொத்தமாகக் கொடுத்துவிட்டால், மீதிக்கு விலை கேட்க நம் கையில் எதுவும் இருக்காது. உங்கள் தேர்வுக் குழுவில் வாக்குரிமையுள்ள திருநர் எத்தனை பேர்?

ஆதரவைத் திரும்பப் பெறும் விதியையும் முன்கூட்டியே எழுதிவையுங்கள். 2016இல் அமெரிக்க நாடாளுமன்ற செனட்டின் இல்லினாய் இடத்துக்கான போட்டியில், ஹியூமன் ரைட்ஸ் கேம்பைன் என்ற தேசிய அளவிலான தன்பாலீர்ப்பாளர், திருநர் உரிமை அமைப்பு முதலில் குடியரசுக் கட்சியின் மார்க் கிர்க்கை ஆதரித்தது. விவாத மேடையில் எதிர் வேட்பாளர் டேமி டக்வொர்த்தின் தாய்லாந்துப் பூர்வீகத்தை அவர் ஏளனம் செய்தபின், தேர்தலுக்குச் சுமார் பத்து நாள் இருக்கும்போது ஆதரவை விலக்கி டக்வொர்த்துக்கு மாறியது. எந்த மீறலுக்கு, யார் கூடி, எத்தனை மணிநேரத்தில் முடிவெடுப்பது என்று இரண்டு பத்தியில் எழுதிவைத்தால் அப்படிப்பட்ட வாரத்தில் தடுமாற வேண்டாம்.

இந்த முறை கேள்வித்தாள் ஜனவரி முதல் வாரத்தில் போகட்டும். பிப்ரவரி நடுவில் பதில்கள் வந்துசேரட்டும். ஆதரவு பெற்றவர், பெறாதவர் எல்லாருடைய பதில்களையும் ஒரு வரியும் வெட்டாமல், கையெழுத்துடன், குழுவின் வாக்கு எண்ணிக்கையோடு சேர்த்து, முன்கூட்டிய வாக்களிப்பு தொடங்க இரண்டு மாதம் இருக்கும்போதே வாக்காளர்கள் பார்வைக்கு வையுங்கள்.

இப்படிக்கு,
கேள்வித்தாள்களை எழுதியும் பதில்களைப் படித்தும் வரும் தோழர்கள்