எலிஃபெண்டாவுக்குக் கிளம்பி யானைய மட்டும் பாத்துட்டு வந்தேன்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன இதழ்ல தனியா மும்பை சுத்துறதப் பத்தி வந்த கட்டுரைய ரெண்டு தடவ படிச்சேன். போட்டோ எல்லாம் பிரமாதம். ஆனா எழுதினவர் கார விட்டு எறங்கவே இல்லையோன்னு ஒரு சந்தேகம். செப்டம்பரோட மழை முடிஞ்சிரும், அக்டோபர்ல குடையே வேண்டாம், தனியா வர்ற பொம்பளைங்க நாள் வாடகைக்கு ஏசி கார் எடுத்துக்கறது நல்லதுன்னு போட்டிருக்கீங்க, நான் மாட்டுங்கா ஈஸ்ட்ல 27 வருஷமா குடியிருக்கேன், இந்த மூணுல ஒண்ணக்கூட ஒத்துக்க முடியல.

மொதல்ல மழை. மும்பைய விட்டு பருவமழை கிளம்புறதுக்கு வானிலை ஆபீஸ் வச்சிருக்கற கணக்கே அக்டோபர் 8. அதுவும் சராசரிக் கணக்குதான், கிளம்புற மழை என்னிக்கு சொன்ன தேதிக்குக் கிளம்பியிருக்கு. மராட்டிக்காரங்க இதுக்குன்னு பேரே வச்சிருக்காங்க, பர்தீச்சா பாவுஸ், திரும்பிப் போற மழை. ஜூலை மழை மாதிரி நாள் பூரா ஊத்தாது. காலைல வெயில் கொளுத்தும், மத்தியானத்துக்கு மேல கிழக்கால கருகருன்னு கட்டும், அப்பறம் இடி மின்னலோட ஒரு மணி நேரம் அடிச்சிட்டுப் போயிரும். அதனால வெளிய பாக்க வேண்டியத காலைல, கூரைக்குக் கீழ பாக்க வேண்டியத சாயங்காலம்னு வச்சுக்கிட்டா போதும். இன்னொண்ணு, வீட்டு ஜன்னல்ல எட்டிப் பாத்துட்டு ஊர் மழைய முடிவு பண்ணக்கூடாது. 2005 ஜூலை 26 அன்னிக்கு சாந்தாக்ரூஸ்ல 944 மில்லிமீட்டர், அதே நாள் கொலாபால 75 கூட இல்ல. எங்க வீட்டுக்காரர் அன்னிக்கு அந்தேரிலேந்து நடந்தே வந்து சேந்தார், அது தனிக் கதை.

இப்ப என் கதைக்கு வர்றேன். போன வருஷம் நவராத்திரி சமயம், அவர் ஒரு கல்யாணத்துக்கு சென்னை போயிட்டார், பையன் புனேல. கொலுவுக்குப் பூ வாங்கப் போறது, கோயிலுக்குப் போறது தவிர இந்த ஊர்ல நான் தனியா எங்கயுமே போனதில்லங்கறது அன்னிக்குக் காலைல காபி குடிக்கும்போதுதான் ஒறைச்சுது, சரி எலிஃபெண்டா தீவுக் குகைக்குப் போயிட்டு வந்துருவோம்னு குடைய எடுத்துக்கிட்டுக் கிளம்பிட்டேன். லோக்கல் ரயில்ல லேடீஸ் டப்பால ஏறினா ஒரே மஞ்சள். நவராத்திரி ஒம்போது நாளும் நாளுக்கு ஒரு கலர்னு இங்க கட்டுவாங்க, அன்னிக்கு மஞ்சள், நான் பச்சைப் பொடவைல நிக்கறேன். ஒரு காலேஜ் பொண்ணு சிரிச்சுக்கிட்டே, ஆன்ட்டி உங்க காலண்டர் ஒரு நாள் முந்திப் போகுதுன்னா. அவளோட பேசிக்கிட்டே கடைசி ஸ்டேஷன் சிஎஸ்எம்டி வந்துருச்சு. ஏசி கார்ல இது கிடைக்குமா சொல்லுங்க.

சிஎஸ்எம்டிலேந்து, தீவுக்குப் படகு கிளம்புற கேட்வே ஆஃப் இந்தியாவுக்கு நடந்தேன். அன்னிக்குன்னு பாத்து காலைலயே தூறல். ஆனா டி.என். ரோடு பழைய கட்டடங்களுக்குக் கீழ பூரா நடக்கறதுக்கு வளைவு வளைவா தாழ்வாரம் விட்டிருக்காங்க, நம்மூர் அக்ரஹாரத் திண்ணைய நீட்டி விட்டாப்ல, குடைய மடக்கிட்டு ஃப்ளோரா ஃபவுண்டன் பக்கம் வரைக்கும் பாதி தூரம் நனையாமயே போயிடலாம். ப்ளாட்பாரக் கடைக்காரங்கதான் பாதிய அடைச்சிருப்பாங்க, பரவால்ல, அவங்களும் நனையக்கூடாதுல்ல.

கேட்வேல லாஞ்ச் படகு ஒண்ணும் கிளம்பல. அரபிக்கடல்ல ஏதோ காத்தழுத்தமாம், நம்மூர்ல கூண்டு ஏத்துவாங்களே அந்த மாதிரி. மாவ்ஷி, சமுந்தர் கராப் ஹை, கல் ஆவோன்னுட்டான் டிக்கெட் பையன், கடல் சரியில்ல, நாளைக்கு வாங்கன்னு அர்த்தம். கைப்பிடிச் சுவர் பக்கத்துல நின்னு கொஞ்ச நேரம் அந்தக் கலங்கின தண்ணியவே பாத்துட்டிருந்தேன், அழுகையே வந்துருச்சு, எதுக்குன்னு தெரியல. அப்பத்தான் பையனோட ஸ்கூல் ப்ராஜெக்ட் ஞாபகம் வந்துச்சு. அந்தத் தீவுக்கு மராட்டில காராபுரின்னுதான் பேரு, அங்க இருந்த ஒரு கல் யானையப் பாத்துட்டுத்தான் போர்ச்சுகீஸ்காரங்க எலிஃபெண்டான்னு வச்சாங்க. அந்த யானை இப்ப தீவுல இல்ல. 1864ல வெள்ளக்காரங்க இங்கிலாந்துக்குத் தூக்கிட்டுப் போகப் பாத்து கீழ போட்டு ஒடைச்சிட்டாங்க, அப்பறம் துண்டுகள ஒட்ட வச்சு, இப்ப பைகுல்லால ராணி பாக் மிருகக்காட்சி சாலைய ஒட்டின பாவு தாஜி லாட் மியூசியம் தோட்டத்துல நிக்குது. கடலத் தாண்டவே வேணாம், சிஎஸ்எம்டிலேந்து ஸ்லோ லோக்கல்ல மூணாவது ஸ்டேஷன்.

போனேன். மழைல நனைஞ்சு கன்னங்கரேல்னு நிக்குது. ஒட்டு போட்ட எடமெல்லாம் தெரியுது. கோயில் யானைக்குப் பழம் குடுத்துப் பழகின கை, சும்மா இருக்க மாட்டேங்குது, பையத் தொழாவினா வாழப்பழம் ஒண்ணு இருந்துச்சு, நானே தின்னுட்டேன். மூணு மணிக்கு மேல வானம் பிச்சுக்கிட்டு ஊத்துச்சு, உள்ள மியூசியத்துல போய் ஒக்காந்துட்டேன். 1872ல ஜனங்களுக்குத் தெறந்து விட்ட மியூசியம். பழைய பம்பாய் ஜனங்கள சின்னச் சின்ன மண் பொம்மையா பண்ணி வச்சிருக்காங்க, கொலுப் படியே கண்ணாடிக்குள்ள இருக்கறாப்ல இருந்துச்சு, கொலு வச்ச வீட்டவிட்டு ஓடி வந்தவளுக்கு இது தேவைதான். கூட யாராவது வந்திருந்தா கால் மணில போலாம் போலாம்னு இழுத்திருப்பாங்க. பென்குவின் பாக்கல, அதுக்குத்தான் கூட்டம்.

உங்க கட்டுரைல இருந்திருக்க வேண்டியது இதெல்லாம்தான் சார். ரயில் டிக்கெட் 5 ரூபாலேந்து, பெஸ்ட்னு ஓடற ஊர் பஸ் 10 ரூபாலேந்து இருக்கு. சயான், பாந்த்ரா தாண்டித் தெக்க ஆட்டோ வராது, அங்க டாக்சிதான். ஞாயித்துக்கிழமைன்னா மெகா பிளாக், அதான் தண்டவாள வேலைக்காக வண்டிய நிறுத்தறது, எந்த லைன்னு பாத்துட்டுத்தான் கிளம்பணும். சாயங்காலம் அஞ்சரைக்கு மேல பைகுல்லால தாணே ஊர்ப் பக்கம் போற வண்டில ஏற முயற்சி பண்ணாதீங்க, நான் பண்ணேன், செருப்பு அந்துருச்சு. சுத்தமான கழிப்பறை எங்க இருக்குங்கறது தனியாப் போறவளுக்கு கார விட முக்கியம், மியூசியம்னா நிம்மதி, ஸ்டேஷன்ல அன்னன்னி அதிர்ஷ்டம். தனியா வர்ற பொண்ணுக்கு ரூம் குடுக்காத லாட்ஜ் இன்னமும் இருக்கு, எங்க அக்கா பொண்ணயே ஒரு எடத்துல, கூட ஜென்ட்ஸ் யாரு வர்றாங்கன்னு கேட்டுத் திருப்பி அனுப்பினாங்க, அதப் பத்தி ஒரு வரி எழுதியிருக்கலாம்.

அந்த அக்கா பொண்ணு அடுத்த வாரம் கோயமுத்தூர்லேந்து மறுபடி தனியா வர்றா. எங்க வீட்லதான் தங்கப் போறா, ஆனா கூட வரவேணாம் சித்தின்னு இப்பவே சொல்லிட்டா, உங்க பக்கத்த வெட்டிப் பைல வச்சிருக்காளாம். அதுல திங்கக்கிழமை எலிஃபெண்டா, புதன்கிழமை பைகுல்லா மியூசியம்னு போட்டிருக்கீங்க. திங்கக்கிழமை குகைக்கு லீவு, புதன்கிழமை மியூசியத்துக்கு லீவு. அடுத்த இதழ்லயாவது திருத்தம் போட்டுருங்க சார், நான் சொன்னா நம்ப மாட்டேங்கறா.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
மாட்டுங்கா, மும்பை