அப்பாவோடு நின்றவர்களுக்கு நன்றி

சொந்தபந்தங்களுக்கும் நண்பர்களுக்கும், சிங்கப்பூர் தோ பாயோவில் எங்கள் புளோக்கில் இருக்கும் எல்லாருக்கும் வணக்கம்.

போன வாரம் பரிசோதனைக்குப் போய்விட்டு வந்தோம். அப்பா நாற்காலியிலிருந்து தானாகவே எழுந்து, கொஞ்ச தூரம் நடந்து, திரும்பி வந்து உட்கார்ந்தார். டாக்டர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு "நல்லா இருக்கு" என்றார். அதைக் கேட்டதிலிருந்து இந்த மடலை எழுத வேண்டும் என்று கை பரபரத்துக்கொண்டே இருக்கிறது. பார்க்கின்சன் நோயோடு இருக்கும் அப்பா விழுந்ததும் அதற்கப்புறம் நாங்கள் பட்டதும் உங்களுக்குத் தெரியும். அதையெல்லாம் மறுபடி சொல்லப்போவதில்லை.

முதலில் எல்லாருக்கும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். ராத்திரி பகல் பார்க்காமல் ஆஸ்பத்திரியில் வந்து உட்கார்ந்த சித்தப்பா, சித்தி. எனக்காக ஷிஃப்ட் மாற்றிக்கொண்ட கூட வேலை செய்பவர்கள். கதவைத் தட்டிக் கஞ்சி கொடுத்துவிட்டுப் போன பக்கத்து வீட்டு மலாய்க்கார மக்சிக். கோயிலில் அப்பா பெயருக்கு அர்ச்சனை செய்து பிரசாதம் கொண்டுவந்தவர்கள். குளியலறையில் கைப்பிடி பொருத்திக் கொடுத்துக் காசு வாங்க மறுத்த தம்பி. உங்களில் யாரையும் மறக்கவில்லை. ஒவ்வொருவர் வீட்டுக்கும் நேரில் வருவேன்.

ஆனால் இந்த மடல் முக்கியமாக ஒரு சீனப் பெரியவருக்காக. அவருக்குத் தமிழ் தெரியாது. ஆங்கிலத்தில் நன்றி சொன்னேன், கையை ஆட்டிச் சிரித்துவிட்டுப் போய்விட்டார். தமிழில் எழுதினால்தான் என் மனசு ஆறும்.

அப்பாவைத் தைச்சிக்கு, அதாவது மெதுவாக அசைந்து செய்யும் சீன உடற்பயிற்சிக்கு, அனுப்பச் சொன்னவர் பிசியோதெரபிஸ்ட். பார்க்கின்சன் நோய்க்குக் கொடுக்கும் மாத்திரை நடுக்கத்தையும் உடம்பின் இறுக்கத்தையும் குறைக்கும் அளவுக்கு, நிலைதடுமாறுவதைக் குறைப்பதில்லை, அதற்குப் பயிற்சி வேண்டும் என்று விளக்கினார். ஓர் ஆய்வையும் காட்டினார். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் 195 நோயாளிகளை மூன்று குழுவாகப் பிரித்து, வாரம் இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் ஒரு மணி நேரம் என்று 24 வாரம் பயிற்சி கொடுத்திருக்கிறார்கள். 2012-ல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்தது. தடுமாறாமல் நிற்பதில் தைச்சிக் குழு மற்ற இரண்டு குழுக்களையும்விட நன்றாகச் செய்திருக்கிறது. கை கால் நீட்டி மடக்கும் பயிற்சி மட்டும் செய்தவர்களைவிட இவர்கள் கீழே விழுந்ததும் குறைவு. வகுப்பு முடிந்து மூன்று மாதம் கழித்தும் பலன் இருந்ததாம்.

எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. அப்பாவுக்கு வரவில்லை. மறுபடி விழுந்துவிடுவோமோ என்ற பயம் அவரைக் கட்டிலோடு பிடித்து வைத்திருந்தது.

காலை ஏழு மணிக்கு நம் புளோக்கின் கீழ்த்தளத்தில் கூடுகிறவர்களை நீங்கள் எல்லாரும் பார்த்திருப்பீர்கள். 1956-ல் சீனாவின் விளையாட்டுத் துறை தைச்சியின் பழைய யாங் மரபைச் சுருக்கி எளிமையாக்கிய 24 அசைவுகளைத்தான் அவர்கள் செய்கிறார்கள். முழுவதும் செய்து முடிக்க ஐந்தாறு நிமிடம் ஆகும். சொல்லிக்கொடுக்கும் ஆன்ட்டி அப்பாவுக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, அதைப் பிடித்துக்கொண்டு செய்யச் சொன்னார். கையசைவு, மூச்சு எல்லாம் சரி. ஒரே ஓர் இடத்தில்தான் அப்பா நொந்துபோவார். தங்கச் சேவல் ஒற்றைக் காலில் நிற்பது என்று ஒரு நிலை. ஒரு முட்டி இடுப்பு வரை எழும்பும், அதே பக்கத்துக் கையும் அதோடு மேலே வரும். அத்தனை பேரும் ஒற்றைக் காலில் நிற்கும்போது அப்பா மட்டும் இரண்டு காலையும் ஊன்றி, நாற்காலியைப் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்துகொள்வார். துறைமுகத்தில் மூட்டை தூக்கிய மனுஷன். லிஃப்டில் ஏறியதும் "நாளைக்கு வரமாட்டேன்" என்பார்.

அந்தப் பெரியவர் முன்வரிசைக்காரர். எண்பது வயதைத் தாண்டியவர். ஒற்றைக் காலில் நின்றால் துளி ஆட்டம் இருக்காது. ஒருநாள் அவர் பின்வரிசைக்கு வந்து அப்பாவுக்குப் பக்கத்தில் நின்றார். சேவல் நிலை வந்தது. முட்டியை அவர் உயர்த்தவில்லை. குதிகாலை மட்டும் எடுத்து, கட்டைவிரல் தரையைத் தொட்டபடி வைத்துக்கொண்டார். மறுபக்கமும் அப்படியே. அப்பா அவர் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் தன் குதிகாலையும் மெல்லத் தூக்கினார். "பெலான், பெலான்" என்றார் பெரியவர், மெதுவாக, மெதுவாக என்று. அந்தக் காலத்துச் சந்தை மலாய்தான் இரண்டு பேருக்கும் பொதுவான பேச்சு.

ஆன்ட்டியிடம் விசாரித்தேன். அப்பா வராத நாட்களில் பெரியவர் பழையபடி முன்வரிசையில், முட்டியை நன்றாக உயர்த்தித்தான் நிற்கிறாராம். யாரும் கேட்டு அவர் இதைச் செய்யவில்லை. இன்றைக்கு வரைக்கும், அப்பா பக்கத்தில் இருந்தால் அவர் கட்டைவிரல் தரையை விட்டு எழும்புவதில்லை. அந்த வயதில் அப்படி நிற்க எத்தனை வருஷப் பயிற்சி வேண்டும்! அதை இன்னொருவருக்காக அடக்கி வைத்துக்கொள்கிற மனசை நினைத்தால் எனக்கு இப்போதும் கண் கலங்குகிறது.

அப்பா அதற்கப்புறம் "வரமாட்டேன்" என்று சொல்லவே இல்லை.

இந்த நோய் உள்ளவர்களில் பலருக்கு வாசலிலும் திரும்பும் இடத்திலும் கால் தரையோடு ஒட்டிக்கொள்ளும். அப்பாவுக்குக் குளியலறை வாசல்தான் பெரிய சோதனை. தைச்சியில் ஒரு காலை எடுப்பதற்கு முன்னால் உடம்பின் பாரம் முழுக்க மற்றக் காலுக்குப் போய்விட வேண்டும். பாரம் இல்லாத காலைத்தான் எடுத்து வைக்கலாம், அதுவும் குதிகால் முதலில். இப்போது அப்பா வாசலில் ஒரு கணம் நிற்கிறார், இடது காலுக்குப் பாரத்தைக் கொடுக்கிறார், வலது குதிகாலை உள்ளே வைக்கிறார், போய்விடுகிறார். சமையலறையிலிருந்து அதைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் கும்பிடத் தோன்றும்.

தைச்சி முடிந்ததும் இரண்டு பேரும் கோப்பிக் கடையில் ஆளுக்கொரு கோப்பி ஓ, பால் சேர்க்காத காப்பி, குடிக்கிறார்கள். அங்கே அதிகம் பேசிக்கொள்வதில்லையாம். ஆனால் அப்பா வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கதை கதையாகச் சொல்கிறார். வாயையே திறக்காமல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவர். எனக்கு இது அவர் நடப்பதைவிடப் பெரிய விஷயம்.

நிறையப் பேர் கேட்கிறீர்கள், அதனால் சொல்கிறேன்: நோய் போய்விடவில்லை. மாத்திரையை ஒரு வேளைகூட நிறுத்தவில்லை. காலை மாத்திரை வேலை செய்யத் தொடங்கிய பிறகுதான் அப்பா கீழே இறங்குகிறார். உங்கள் வீட்டுப் பெரியவர்களை அனுப்புவதாக இருந்தால் முதலில் டாக்டரிடம் கேளுங்கள். பிடித்துக்கொள்ள நாற்காலி இல்லாமல் ஆரம்பிக்க வேண்டாம்.

இனி சனி, ஞாயிறுகளில் நானும் பின்வரிசையில் நிற்பேன். நாற்காலியைப் பிடித்தபடி புதிதாக யார் வந்தாலும் அவர்கள் பக்கத்தில்தான் என் இடம்.

பெரியவருக்கு அடுத்த மாதம் கண்புரை அறுவைச் சிகிச்சை. பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கிறார்கள். கூட்டிப்போய்க் கூட்டிவருவது என் பொறுப்பு என்று சொல்லி லீவும் எடுத்துவிட்டேன். அவர் வேண்டாம் வேண்டாம் என்கிறார். அப்பா கேட்பதாக இல்லை, தானும் கூட வருவதாகச் சொல்லிவிட்டார்.

நன்றியுடன்,
உங்கள் வீட்டுப் பெண்