நெல்லை அள்ளினவர் கல்லை ஏன் அள்ளவில்லை?

ஆசிரியர் அவர்களுக்கு,

காலபோக (பெரும்போக) அறுவடை தொடங்கினால் வட இலங்கையில், வன்னியின் தார் வீதிகளுக்கு மஞ்சள் கரை பிடித்துவிடும். பரந்தன் – முல்லைத்தீவு வீதியில் முரசுமோட்டை, தர்மபுரம், விசுவமடு என்று போனாலும் சரி, ஏ9 வீதியிலிருந்து இறங்கும் கிளை வீதிகளில் போனாலும் சரி, ஒரு பக்கம் காயப்போட்ட நெல், அதன் ஓரத்தில் காவலுக்கு வரிசையாகக் கல். நெல்லைப் பற்றி முறைப்பாடு இல்லை. பின்னேரம் நெல்லைக் கூட்டி அள்ளிச் சாக்கில் கட்டிக்கொண்டு போகிறவர், காவலுக்கு வைத்த கல்லை அப்படியே விட்டுவிட்டுப் போகிறாரே, அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

வீதியில் காயப்போடுகிறவரை மட்டும் திட்டுவது நியாயமில்லை. முன்பு அரிவி வெட்டி (கதிர் அறுத்து), உப்பட்டியாகப் (சிறு சிறு பிடியாகப்) போட்டு, சூடு வைத்து (குவித்து அடுக்கி), பிறகுதான் சூடடிப்பு (போரடிப்பு). களத்துக்கு வரும்போதே நெல்லில் ஓரளவு ஈரம் போயிருக்கும். இன்று அறுவடை மெசின் இறங்கினால் பயிராக நின்ற நெல் ஒரு மணித்தியாலத்தில் சாக்கில் இருக்கிறது. அதன் ஈரப்பதன் நூற்றுக்கு 20 முதல் 24 வரை. அரசுக்காக நெல் வாங்கும் நெல் சந்தைப்படுத்தும் சபை கேட்பதோ 14. அந்த ஈரத்தோடு சாக்கில் கட்டி இரண்டு நாள் அடுக்கி வைத்தால் உள்ளே சூடேறி, அரிசி மஞ்சள் பட்டு, மணமும் வந்துவிடும். களம் உள்ள வீடு குறைவு, முற்றமோ மணல். ஆகவே நெல் வீதிக்கு வருகிறது.

ஆனால் எவ்வளவு இடம் வேண்டும் என்று கணக்குப் பார்த்து விரிக்கிறவர் சிலர்தான். 3 சென்ரிமீற்றர் தடிப்பில் விரித்தால் ஒரு சதுர மீற்றரில் சுமார் 17 கிலோ நெல் கிடக்கும். அப்படியானால் சுமார் 68 கிலோ கொண்ட ஒரு மூடைக்கு 4 சதுர மீற்றர், 20 மூடைக்கு 80. வீதிக்கரையில் ஒன்றரை மீற்றர் அகலம் எடுத்தால் ஐம்பது மீற்றருக்குச் சற்றுக் கூட நீளம் போதும். இருவழிப் பெருவீதி ஏறத்தாழ 7 மீற்றர்; ஒரு பஸ்ஸின் அகலம் இரண்டரை. ஒரு கரையில் மட்டும் நெல் கிடந்தால் இரண்டு பஸ் மெதுவாக விலகிப் போகலாம். எதிர்வீட்டுக்காரரும் தன் பக்கத்தில் விரித்தால் நடுவில் மிஞ்சுவது 4 மீற்றர். ஒரு பஸ் நின்றே ஆக வேண்டும், அல்லது நெல்லில் ஏற வேண்டும். ஏறினால் சண்டை. அயலவர்கள் இருவரும் ஒருநாள் இவர், மறுநாள் அவர் என்று முறை வைத்துக்கொண்டால் அந்தச் சண்டை இல்லை. வளைவிலும், மதகின் மேலும், பஸ் தரிப்பிடத்திலும், பள்ளிக்கூட வாசலிலும் ஒரு கரையென்றாலும் விரிக்கக்கூடாது. காய்ந்த நெல் வாகனச் சில்லுக்குக் கீழே உருளும். வளைவில் மோட்டார் சைக்கிள்காரர் முன் பிரேக்கைத் தொட்டால் போதும், ஆள் விழுந்துவிடுவார்.

தார் வீதியில் நெல் கெதியாகக் காயும் என்பது உண்மை. அந்தக் கெதிதான் நட்டத்துக்கும் வழி. உச்சி வெயிலில் தாரின் சூடு 50 பாகையைத் தாண்டும். அந்தச் சூட்டில் மெல்லியதாக விரித்த நெல் வெளியே காய்ந்து உள்ளே ஈரமாக நிற்கும். அரிசியில் மயிரிழை வெடிப்பு விழும். மில்லில் போட்டால் முழு அரிசி குறைந்து குறுணல் (உடைந்த அரிசி) கூடும். இரவு பனியில் நனையவிட்டு மறுநாள் மீண்டும் காயப்போட்டாலும் அதே வெடிப்புத்தான். ஆகவே 3 சென்ரிமீற்றருக்குக் குறையாமல் விரிக்க வேண்டும். அரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை காலாலோ பலகையாலோ சால் இழுத்துக் கிளறிவிட வேண்டும். பன்னிரண்டு மணி தொடங்கி இரண்டு மணி வரை கூட்டிக் குவித்துப் படங்கால் (தார்ப்பாயால்) மூட வேண்டும். விதைநெல்லைத் தாரில் போடவே வேண்டாம், முளைதிறன் போய்விடும். படங்கை விரித்து அதன்மேல் காயப்போட்டால் அள்ளுவது கெதியாக முடியும், சல்லிக்கல்லும் சேராது. அரிசியில் கல் கிடக்கிறது என்று கடைக்காரரோடு மல்லுக்கட்டுகிறோம். அந்தக் கல் எங்கே சேர்ந்தது என்று யோசிக்கிறோமா?

இன்னுமொன்று, தேவைக்கு மேல் ஒருநாள் கூடப் போட்டுவைக்கும் பழக்கம். நூற்றுக்கு 22 ஈரத்தில் இருக்கும் 100 கிலோ நெல் 14க்கு வரும்போது கிட்டத்தட்ட 91 கிலோவாகும். அதற்கு மேல் காய்ந்தால் போவது உங்கள் நிறைதான். ஈரமானி இல்லாதவர் உப்பால் பார்க்கலாம். நன்றாகக் காய்ந்த கண்ணாடிப் போத்தலில் மூன்றில் ஒரு பங்கு நெல்லைப் போட்டு, வெயிலில் உலர்த்திய தூள் உப்பு இரண்டு மேசைக்கரண்டி சேர்த்து, மூடி ஒரு நிமிடம் குலுக்கிக் கால் மணித்தியாலம் விட வேண்டும். உப்பு போத்தலின் உட்பக்கத்தில் ஒட்டினால் ஈரம் 15க்கு மேல். ஒட்டாவிட்டால் அதற்குக் கீழே வந்துவிட்டது. இன்னும் கொஞ்ச வெயில் போதும். இந்தச் சோதனையைச் செய்தால் வீதிக்கு ஒருநாள் ஓய்வு.

இனிக் கல்லுக்கு வருவோம். கல் மட்டுமா? உடைந்த சீமெந்துக் கட்டை, பனங்குற்றி, துருப்பிடித்த தகரப் பரல் (பீப்பாய்), முள்ளுக்கம்பி சுற்றிய தடி, சில இடங்களில் பழைய மரக்கதிரை. பகலில் அவை நெல்லுக்கு வேலி. நெல் போன பிறகு அவை எதற்கு வேலி? ஆறரை மணிக்கு இருட்டிவிடும். உள்வீதிகளில் விளக்குக் கம்பம் அருமை. தாரின் நிறமும் கருங்கல்லின் நிறமும் ஒன்று. எதிரே வருகிற வாகனம் பெரிய வெளிச்சத்தைத் தணிக்காமல் வந்தால் சைக்கிள்காரர் கரைக்கு ஒதுங்குவார், அந்தக் கரையில்தான் கல் இருக்கிறது. கேட்டால் வரும் பதில்: "நாளைக்கும் காயப்போடுவம்தானே." நாளைக்குப் போடலாம். இரவு முழுக்க அந்த வீதியால் போகிறவர்களுக்கும் நெல்லுக்கும் என்ன சம்பந்தம்? போகம் முடிந்து மாசக்கணக்கில் கிடக்கும் கல்லுக்கோ இந்தப் பதிலும் இல்லை. புல் வளர்ந்து மூடினால் அது இன்னும் மோசம்.

அள்ளின பிறகு தும்புத்தடியால் ஒருமுறை கூட்டினால் ஒரு கொத்து நெல்லாவது மிஞ்சும், சில்லும் வழுக்காது. அதைக்கூடச் செய்யாமல் போகிறவர்கள் உண்டு. வீதிக்கரையில் விசிறி பூட்டித் தூற்றுகிறவர்கள் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதென்று பார்த்தால் நல்லது. பதரும் சுணையும் போகிறவர் கண்ணில்தான் விழுகின்றன.

வாகனக்காரரின் தொல்லையும் இருக்கிறது. நடுவீதி வெறுமையாகக் கிடக்கும்போதும் வேண்டுமென்றே நெல்லின் மேல் ஏற்றுகிறவர்கள், குனிந்து கிளறிக்கொண்டிருக்கும் பெண்களுக்குப் பின்னால் வந்து காது கிழிய ஹோன் அடிக்கிறவர்கள். சில்லு ஏறிய நெல்லில் கொஞ்சம் உமி கழன்று அரிசி வெளியே வரும். பூச்சி முதலில் பிடிப்பது அதைத்தான். கிளறுகிறவர்களும் வாகனம் வரும் திசையைப் பார்த்தபடி நடந்து கிளறினால் பாதிப் பயம் குறையும். மழைக்காலத்தில் வயலெல்லாம் விதைத்திருக்க, மேய்ச்சல் தரையில்லாத மாடுகள் சூடு தேடித் தார் வீதியில் படுப்பதும், நீர் இறைக்கும் குழாயை மண் அணைக்காமல் வீதிக்குக் குறுக்கே போடுவதும் இதே இனத்துத் தொல்லைகள்தான். அவற்றுக்குத் தனிக் கடிதம் வேண்டும்.

கமநல சேவை நிலையங்களிலும் கிராமப் பொது இடங்களிலும் சீமெந்துக் களம் கட்டித் தர வேண்டும் என்று கேட்பது சரியான கேள்வி. 20 மீற்றருக்கு 20 மீற்றர் களத்தில் ஒரே தடவையில் 100 மூடை காயப்போடலாம். அது வரும்போது வரட்டும். அதுவரை, அருள்கூர்ந்து, கல்லுக்குப் பதிலாக வெறும் யூரியாப் பையில் வைக்கோலை இறுகத் திணித்து, வாயைக் கட்டி, மேலே ஒரு சிவப்புத் துணித்துண்டு முடிந்து, ஐந்து மீற்றருக்கு ஒன்றாக வையுங்கள். ஐம்பது மீற்றருக்குப் பதினொரு பை. வெள்ளை நிறம் தூரத்திலேயே தெரியும். காற்றுக்கு உருளாமல் இருக்க அடியில் இரண்டு பேணி மணல் போடலாம். சில்லு ஏறினாலும் பை நசுங்குமே தவிர ஆள் விழமாட்டார். பின்னேரம் அந்தப் பையை வீதியில் விட்டுவிட்டுப் போக யாருக்கும் மனம் வராது, பைக்குக் காசல்லவா.

இப்படிக்கு,
நெல்லும் விதைத்து, அதே வீதியாலும் போகிற ஒரு வாசகர்,
வட்டக்கச்சி.