நாட் நகாசாவுக்கு ஒரு வரி போதாது

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். நாடிழந்த ஆப்பிரிக்க எழுத்தாளர்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை ஒரே மூச்சில் படித்தேன். ஆனால் தென்னாப்பிரிக்காவின் நாட் நகாசாவுக்கு அதில் கிடைத்தது ஒரே வரி: நியூயார்க்கில் ஏழாவது மாடியிலிருந்து விழுந்து 28 வயதில் இறந்தவர். அந்த மனிதர் வாழ்ந்ததற்கு ஒரு வரிகூட இல்லையே என்று மனம் வருந்தியது.

1937இல் பிறந்து, டர்பனின் செஸ்டர்வில் பகுதியில் வளர்ந்தவர் நகாசா. ஜூலு பத்திரிகை ஒன்றில் தொழில் பழகி, ஐம்பதுகளின் இறுதியில் ஜோகன்னஸ்பர்க்குக்கு வந்து 'டிரம்' இதழில் சேர்ந்தார். கறுப்பர்கள் இரவு தங்கவே கூடாது என்று சட்டம் விலக்கிவைத்திருந்த நகரம் அது. வெள்ளை நண்பர்களின் வீடுகளிலும் அலுவலக மேசையிலும் படுத்துக்கொண்டு, அந்த நகரத்தைப் பற்றியே எழுதினார். 'ராண்ட் டெய்லி மெயில்' நாளேட்டில் பத்தி எழுதிய முதல் கறுப்பின எழுத்தாளரும் அவர்தான். அந்தப் பத்திகளில் கூச்சல் இருக்காது. பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிறவரின் நிதானம் இருக்கும். ஒதுக்கப்பட்டவன் தன்னை ஒதுக்கியவர்களோடு அப்படிப் பேசுவதற்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்!

1963இல் அவர் தொடங்கிய 'தி கிளாசிக்' இலக்கிய இதழையும் கட்டுரை விட்டுவிட்டது. கறுப்பர்கள் சட்டத்துக்குத் தெரியாமல் கூடிக் குடித்த ஒரு மதுக்கடையின் பெயரைத்தான் இதழுக்கு வைத்தார். இன்று உலகமெங்கும் படிக்கப்படும் கேன் தெம்பாவின் 'தி சூட்' சிறுகதை வெளிவந்தது அதன் முதல் இதழில்தான்.

மறு ஆண்டு ஹார்வர்ட் பல்கலைக்கழகம் பத்திரிகையாளர்களுக்கு வழங்கும் நீமன் நல்கை அவருக்குக் கிடைத்தது. அரசு பாஸ்போர்ட் தர மறுத்தது. வேண்டுமானால் வெளியேறும் அனுமதி தருகிறோம் என்றது. அதை வாங்கினால் போகலாம், திரும்ப முடியாது, குடியுரிமையும் போய்விடும். எந்த மண்ணுக்கும் சொந்தமில்லாதவன் ஆகப்போகிறேன் என்று எழுதிவைத்துவிட்டுத்தான் நகாசா விமானம் ஏறினார். 1965 ஜூலை 14 அன்று இறந்தார். எப்படி இறந்தார் என்று சொல்லும்போது, அவர் கையில் இருந்த அந்தக் காகிதத்தையும் சொல்லியே ஆக வேண்டும். இதுதான் என் மனத்தாங்கல்.

ஊருக்குக் கொண்டுபோக வழியில்லாமல் நியூயார்க் அருகே ஒரு கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தார்கள். 49 ஆண்டுகள் கழித்து, 2014இல்தான் அவருடைய எச்சங்கள் தாயகம் திரும்பின. அந்த செப்டம்பரில், வளர்ந்த செஸ்டர்வில்லிலேயே மறுபடி அடக்கம் நடந்தது. துணிச்சலான இதழியலுக்கென்று அவர் பெயரில் தென்னாப்பிரிக்காவில் ஒரு விருதும் வழங்கப்படுகிறது.

நம் வாசகர்களுக்காக அவருடைய பத்திகளில் ஒன்றையாவது தமிழில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். தங்க இடமின்றி ஜோகன்னஸ்பர்க்கில் கழித்த இரவுகளைப் பற்றிய கட்டுரையிலிருந்து தொடங்கலாம்.

அன்புடன்,
ஒரு நெடுநாள் வாசகி,
பாளையங்கோட்டை