யமாஷிதாவுக்கு அந்தத் தங்கம் யாரும் தந்ததல்ல

ஆசிரியருக்கு,

ஜூடோ கனரகப் பிரிவு என்றாலே எல்லாரும் பிரான்ஸ் வீரர் டெடி ரினரைத்தான் எழுதுகிறார்கள், தப்பில்லை, ஆனால் ஜப்பானின் யாசுஹிரோ யமாஷிதாவைப் பற்றியும் விளையாட்டுப் பக்கத்தில் விரிவாக எழுதுங்கள். 1977 முதல் 1985-ல் ஓய்வு பெறும்வரை தொடர்ந்து 203 வெற்றிகள். உச்சத்தில் இருந்தபோது வந்த 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கை ஜப்பான் புறக்கணித்தது. நான்கு வருடம் காத்திருந்து லாஸ் ஏஞ்சல்ஸ் போனால், இரண்டாவது ஆட்டத்திலேயே வலது கெண்டைக்கால் தசை கிழிந்துவிட்டது.

இறுதிப் போட்டியில் எகிப்தின் முகமது ராஷ்வான் அந்தக் காலைக் குறிவைக்கவில்லை என்ற கதைதான் எங்கும் ஓடுகிறது. ராஷ்வான் பாராட்டுக்குரியவர்தான், பரிசு மேடையில் ஏற யமாஷிதாவுக்குக் கைகொடுத்தவரும் அவரே. அதற்காக ஏதோ விட்டுக்கொடுத்த தங்கம் மாதிரி பேசுவது எனக்குப் பொறுக்கவில்லை. சரியாக ஊன்ற முடியாத காலோடு நின்றவர், ராஷ்வான் தரைக்கு வந்ததும் பக்கவாட்டில் படர்ந்து, தோளையும் இடுப்பையும் அமுக்கி, எழவே விடவில்லை. அது முழுக்கத் தரைப்பிடித் திறமை. அடுத்த வருடம் தொடர்ந்து ஒன்பதாவது முறையாக அனைத்து ஜப்பான் பட்டத்தையும் வென்றுவிட்டுத்தான் ஓய்வு பெற்றார்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்