டின் கட்டர் வாங்கும் முன்

கிருஷ்ணகிரி,
ஆடி 5

அன்புள்ள பாப்பாவுக்கு,

பெங்களூராவில் மூன்று, அல்போன்சாவில் மூன்று என்று மாங்கூழ் டின் ஆறு பெட்டியில் வருகிறது. ஒவ்வொன்றும் 850 கிராம். இழுத்துத் திறக்கிற வளையம் எதிலும் இல்லை. கடையில் டின் கட்டர் நாலு விதமாகத் தொங்குகிறது, எதை வாங்குவது என்று போனில் கேட்டாயே, அதற்குத்தான் இந்தக் கடிதம்.

முதலில் டின்னின் மேல் விளிம்பை விரலால் தடவிப் பார். மூடித் தகடு மூன்று மடிப்பு, உடம்புத் தகடு இரண்டு மடிப்பு, ஆக ஐந்து அடுக்கை ஒன்றாக நசுக்கி வைத்த இடம் அது. கட்டர்கள் இந்த விளிம்பை எங்கே வெட்டுகின்றன என்பதில்தான் பிரிகின்றன. ஒரு வகை விளிம்புக்கு உட்பக்கமாக மூடியை வெட்டும். வெட்டிய மூடி கூரான வட்டத் தகடாகக் கூழுக்குள் சரியும். இன்னொரு வகை விளிம்பின் வெளிப்பக்கத்திலேயே மடிப்பை அறுக்கும். மூடி தொப்பி மாதிரி கழன்று வரும், கையைக் கிழிக்காது, உள்ளேயும் விழாது. பார்க்க இரண்டாவதுதான் நல்லது என்று தோன்றும். ஆனால் விமானத்தில் வரும் டின்னில் விளிம்பு எங்காவது லேசாகவாவது நசுங்காமல் இருக்காது. வெளிப்பக்கம் அறுக்கிற வகை அந்த இடத்தில் வழுக்கி, அறுக்காமல் தாண்டிவிடும். எங்கே அறுபடவில்லை என்று கண்ணுக்கும் தெரியாது, மூடியை நெம்பினால் பாதிக் கூழ் மேடையில். அதனால் உனக்கு உட்பக்கம் வெட்டுகிற, கையால் சுற்றுகிற சாதாரண வகையே போதும்.

பேட்டரியில் ஓடுவது வேண்டாம். நசுங்கிய இடத்தில் நின்றுபோனால் டின்னைக் கடித்தபடியே நிற்கும், கழற்றுவது பெரும்பாடு. மரப்பிடி போட்டுக் குத்திக் குத்தி நெம்பும் பழைய வகை வெட்டிய இடமெல்லாம் ரம்பப்பல் மாதிரி விட்டுவைக்கும். அவசரத்துக்கு மட்டும்.

வாங்கும்போது பெயரைப் பார்க்காதே, இரண்டு சக்கரத்தைப் பார். ஒன்று வெட்டுகிற சக்கரம், இன்னொன்று விளிம்பை அடியிலிருந்து பிடித்து டின்னை நகர்த்துகிற பல் சக்கரம். பிடியை அழுத்தி மூடி, வெளிச்சத்தில் தூக்கிப் பிடி. வெட்டும் சக்கரத்தின் ஓரம் பல் சக்கரத்தின்மேல் இம்மியாவது ஏறி நிற்க வேண்டும். நடுவே வெளிச்சம் தெரிந்தால் வைத்துவிட்டு வா. பிறகு வெட்டும் சக்கரத்தை விரலால் ஆட்டிப் பார். சுழல வேண்டும், ஆடக் கூடாது. ரிவிட் தளர்ந்த கட்டர்தான் பாதி வழியில் தாண்டித் தாண்டிப் போகும். கையால் சுற்றுகிற திருகு மூன்று விரல் பிடிக்கிற அகலம் இருக்கட்டும்.

இங்கே பாத்திரக் கடையில் காந்தம் ஒட்டாவிட்டால் நல்ல ஸ்டீல் என்று வைத்துப் பார்க்கிற பழக்கம் உனக்கும் உண்டு. இதில் அது செல்லாது. வெட்டும் சக்கரத்துக்குக் கெட்டியான ஸ்டீல் வேண்டும். அந்த ஸ்டீல் காந்தத்தில் ஒட்டத்தான் செய்யும்.

நீ இடக்கைக்காரி. சாதாரண கட்டரில் பிடியை இடக்கையால் அழுத்தி, திருகை வலக்கையால் சுற்ற வேண்டும். உனக்குக் கை தலைகீழாகும். இடக்கைக்கென்றே திருகை மாற்றி வைத்த கட்டர் விற்கிறார்கள், கேட்டுப் பார். கிடைக்காவிட்டால் சாதாரணத்தை வாங்கு. டின்னை மேடை விளிம்பில் வைக்காமல், ஈரத்துணி விரித்து அதன்மேல் வை, நகராது.

திறக்கும் முன் மூடியைத் துணியால் துடை. கிடங்குத் தூசி முழுக்க அந்தப் பள்ளத்தில்தான் இருக்கும். வெட்டும் சக்கரம் உட்பக்கம், பல் சக்கரம் விளிம்புக்கு அடியில். அழுத்தினால் ‘டப்’பென்று தகடு பொத்துக்கொள்ளும், ‘உஸ்’ என்று காற்று உள்ளே போகும். சூடாக நிரப்பி மூடிய டின் ஆறும்போது உள்ளே வெற்றிடம் ஆகிவிடும், அந்தச் சத்தம் அதனால்தான். மாறாகக் கூழோ காற்றோ வெளியே பீறிட்டால் உள்ளே வாயு சேர்ந்திருக்கிறது என்று பொருள். நாக்கில் தொட்டுப் பார்க்காமல் அப்படியே குப்பைக்குப் போகட்டும். மூடி புடைத்த டின், மடிப்பிலேயே ஆழமாக நசுங்கிய டின், கசிவுக் கறை உள்ள டின் இவற்றுக்குக் கட்டரையே எடுக்காதே. பக்கவாட்டில் லேசான சொட்டை இருந்தால் பரவாயில்லை.

முழுச் சுற்று வெட்டாதே. ஒரு விரற்கடை மிச்சம் விட்டு நிறுத்து, கரண்டிக் காம்பால் மூடியை மேலே மடக்கு. கூழுக்குள் மூடி விழவே விழாது. மிச்சக் கூழை டின்னோடு ஃப்ரிட்ஜில் வைக்காதே. புளிப்பும் காற்றும் சேர்ந்தால் டின்னின் உட்பக்கம் பூசியிருக்கும் வெள்ளீயம் கரைந்து உலோகவாடை அடிக்கும். கண்ணாடிப் பாட்டிலுக்கு மாற்றி நாலு நாளில் முடி. முடியாதென்றால் ஐஸ் ட்ரேயில் ஊற்றி உறைய வை.

கட்டரை உடனே கழுவித் துடை. சக்கரத்தின் இடுக்கில் காய்ந்த கூழ்தான் துருவுக்கும் பூஞ்சைக்கும் வீடு. பழைய பல் தேய்க்கும் பிரஷால் தேய்த்து, அச்சில் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விடு. 1810-ல் டின்னுக்குக் காப்புரிமை வாங்கியாயிற்று, அமெரிக்காவில் திறக்கும் கருவிக்கு வாங்கியது 1858-ல். அதுவரை பெரும்பாலும் உளியும் சுத்தியலும்தான். நீ கத்தியைத் தூக்கிக்கொண்டு அந்தக் காலத்துக்குப் போகாதே.

பாட்டில் மூடிக்குத் தனியாகக் கருவி எதுவும் வாங்க வேண்டாம். மூடி எதனால் இறுகியிருக்கிறது என்று பார்த்தால் போதும். கடையில் வாங்கிய பாட்டிலின் மூடி நடுவே குழிந்திருந்தால் வெற்றிடம் பிடித்திருக்கிறது. மழுங்கின ஸ்பூன் காம்பை மூடிக்கும் கண்ணாடிக்கும் நடுவே விட்டு லேசாக நெம்பு. ‘டக்’ என்றதும் சிறு குழந்தைகூடத் திருகிவிடும். அம்மா அடைத்த புளி பேஸ்ட்டும் மாவடுவும் அப்படியல்ல. அவற்றில் வெற்றிடம் கிடையாது, மரையில் புளியும் உப்பும் காய்ந்து ஒட்டியிருக்கும். எவ்வளவு நெம்பினாலும் அசையாது, மூடிதான் கோணும். பாட்டிலைச் சாய்த்து மூடியை மட்டும் வெந்நீரில் இரண்டு நிமிடம் வை, ஒட்டு கரையும். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த பாட்டிலைச் சட்டென்று வெந்நீரில் வைத்தால் கண்ணாடி விரிசல் விடும், அறைச் சூட்டுக்கு வந்தபின் செய்.

எண்ணெய்க் கையால் வழுக்கினால் பிடித்துக்கொள்ள, ஒரு சாண் சைக்கிள் ட்யூப் வெட்டிக் கழுவி, மாவடு பாட்டிலைச் சுற்றி வைத்திருக்கிறேன். குப்பை என்று எறிந்துவிடாதே.

அப்பா