இரண்டாம் பருவ நிறைவு: பெற்றோர் கவனத்துக்கு

அன்புள்ள பெற்றோர்களே,

வணக்கம். அரையாண்டுத் தேர்வுகள் நல்லபடியாக முடிந்தன. கபடியிலும் பேச்சுப் போட்டியிலும் நம் பிள்ளைகள் பரிசு வாங்கி வந்தார்கள். உழைத்த எல்லோருக்கும் வாழ்த்துகள்.

அப்புறம், அறிவியல் கண்காட்சி. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் அண்டார்டிகாவுக்குக் கப்பலில் போனவர்கள் எடுத்த பழைய புகைப்படங்களைப் பற்றிச் செய்திருந்தார்கள். 1915-இல் பயணத் தலைவர் ஷேக்கில்டனின் ‘என்டியூரன்ஸ்’ கப்பல் அண்டார்டிகாவை ஒட்டிய வெடல் கடல் பனியில் சிக்கி நொறுங்கியது. புகைப்படக்காரர் ஃபிராங்க் ஹர்லி சட்டையைக் கழற்றிவிட்டு, கப்பலுக்குள் தேங்கிய பனித்தண்ணீரில் துழாவி, தகரப் பெட்டிகளில் இருந்த கண்ணாடி நெகட்டிவ்களை வெளியே எடுத்தார். அத்தனையையும் சுமக்க முடியாது. அவரும் ஷேக்கில்டனும் பனிமேல் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்து, சுமார் 120 கண்ணாடித் தட்டுகளை வைத்துக்கொண்டு, ஏறக்குறைய 400 தட்டுகளை உடைத்துப் போட்டார்கள். பிறகு மனசு மாறிவிடக் கூடாதே என்றுதான் உடைத்தார்கள். இதைச் சொல்லும்போது எங்கள் மாணவி ஒருத்திக்குக் குரல் கம்மிவிட்டது.

அண்டார்டிகா போன இன்னொரு குழுவான ஸ்காட் குழுவின் புகைப்படக்காரர் பாண்டிங், 1911-இல் அங்கே கேப் எவன்ஸ் என்ற இடத்தில் இருந்த குடிசைக்குள்ளேயே படம் கழுவும் இருட்டறை வைத்திருந்தார். அதைப் பார்த்துத்தான் பிள்ளைகள் விளையாட்டுச் சாமான் அறையில் கறுப்புத் துணி கட்டி, சிவப்பு பல்பு போட்டார்கள். பால் பவுடர் டின்னில் ஊசித்துளை கேமரா செய்து, அன்று காலை பதினோரு படங்கள் எடுத்திருந்தார்கள்.

‘உள்ளே வெளிச்சம் கூடாது’ என்று கதவில் எழுதியிருந்தது. ஆனாலும் சில பெற்றோர் செல்போன் டார்ச்சோடு உள்ளே வந்தார்கள். டெவலப்பர் மருந்தில் கிடந்த புகைப்படத் தாள் கண்ணெதிரே கறுத்துப் போனது. கழுவக் காத்திருந்த தாள்களும் வீண். பதினொன்றில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. அழுத பிள்ளையை ஒருவர் வீடியோ எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டார். சாயங்காலத்துக்குள் அது ஊரையே சுற்றிவிட்டது.

இதை நான் அனுமதிக்க மாட்டேன். அந்த வீடியோ உங்கள் போனில் இருந்தால் இன்றே அழித்துவிடுங்கள். இன்னொரு வீட்டுப் பிள்ளையின் படத்தை அந்தப் பெற்றோரைக் கேட்காமல் யாருக்கும் அனுப்பக் கூடாது. அடுத்த பருவம் முதல் பள்ளி விழாக்களுக்கு வருவோர் வாசலில் போனைக் கொடுத்து டோக்கன் வாங்கிக்கொண்டுதான் உள்ளே வர வேண்டும். இதில் யாருக்கும் விதிவிலக்கு இல்லை.

வெளிநாட்டில் இருக்கும் அப்பாவுக்குப் பிள்ளையைக் காட்ட வேண்டும் என்ற ஆசை எனக்குப் புரியாமல் இல்லை. அதற்காகவே ஓர் ஆசிரியர் படம் எடுத்து, அவரவர் பிள்ளையின் படத்தை அவரவருக்கு அனுப்பிவைப்பார்.

மறுநாளே வந்து பிள்ளைகளிடம் வருத்தம் தெரிவித்த பெற்றோருக்கு என் மனமார்ந்த நன்றி. தாளும் மருந்தும் மறுபடி வாங்கிக் கொடுத்த பழைய ஸ்டூடியோக்காரருக்கும் நன்றி. பொங்கல் விடுமுறை முடிந்து வரும் முதல் சனிக்கிழமை இருட்டறை மீண்டும் திறக்கும். அவசியம் வாருங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்